ஒன்பது ஆண்டுத் திட்டம், நான்கு பேர், நான்கு விதமான நிரல் நடை: ஒன்றுக்கு வருவது எப்படி?

கேள்வி

வணக்கம். சப்டைட்டில் கோப்புகளைப் படித்து, நேரம் திருத்தி, ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றும் சிறிய திறமூல நூலகம் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பெரும்பகுதி பைதான். வேகம் தேவைப்படும் இடங்களில் மட்டும் சி. கமிட் செய்யும் (மாற்றங்களை நேரடியாகத் திட்டத்தில் பதியும்) உரிமை உள்ளவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். மற்றவர்கள் அனுப்பிய மாற்றங்களைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட்களில் இன்று இணைக்கப்படாமல் கிடப்பவை 31.

சென்ற மாதம் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். புதிதாக வந்த ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பினார். எஸ்ஆர்டி கோப்பில் மில்லிசெகண்டுக்கு முன்னால் காற்புள்ளி வரும். வெப்விடிடி கோப்பில் முற்றுப்புள்ளி வரும். கருவிகள் சில இரண்டையும் கலந்து எழுதிவிடுகின்றன. அப்படிப்பட்ட கோப்பு வந்தால் எங்கள் நூலகம் மில்லிசெகண்டை விழுங்கிவிட்டு, வசனத்தை ஏறக்குறைய ஒரு நொடிவரை முன்னதாகக் காட்டிவிடும். ஆறு ஆண்டுகளாக எங்களில் யார் கண்ணிலும் படாத பிழை அது. அவர் கண்டுபிடித்து, சோதனையும் எழுதி, 22 வரிகளில் சரிசெய்து அனுப்பியிருந்தார்.

அதற்கு நாங்கள் நால்வரும் சேர்ந்து எழுதிய குறிப்புகள் 14. ஒற்றை மேற்கோளா, இரட்டை மேற்கோளா என்று மூன்று. அடைப்புக்குறியை எந்த வரியில் மூடுவது என்று நான்கு. வரியின் நீளத்தைப் பற்றி ஐந்து. வெற்று வரிகளைப் பற்றி இரண்டு. பிழையைப் பற்றியோ அவர் அதைத் தீர்த்த விதத்தைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. அதைவிட மோசம், எங்களில் ஒருவர் சொன்னபடி அவர் மாற்றிய வரியை இன்னொருவர் பழையபடி மாற்றச் சொன்னார். ஐந்தாம் நாள் அவர் ரிக்வெஸ்டை மூடிவிட்டார். "உங்களுக்குள் முடிவு செய்துகொண்டு சொல்லுங்கள்" என்ற ஒரே வரியை எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வரியை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்பது எனக்குத் தெரியும். முதல் இரண்டு ஆண்டுகள் நான் தனியாக எழுதினேன்: 79 எழுத்துக்கு மேல் வரி போகாது, எங்கும் ஒற்றை மேற்கோள். பிறகு வந்தவர் ஜாவா பின்னணி உள்ளவர். அவர் எழுதிய கோப்புகளில் வரிகள் 120 வரை போகும். சி பகுதியை எழுதியவர் லினக்ஸ் கெர்னல் பழக்கத்தில் வளர்ந்தவர். எட்டு இட அகல டேப் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. நான்காமவர் அடுத்தடுத்த வரிகளில் சமக்குறிகளை ஒரே நேர்க்கோட்டில் அடுக்குவார். கோப்பைத் திறந்த மாத்திரத்தில் யார் எழுதியது என்று சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் எனக்கு அது பிடித்தும் இருந்தது.

பங்களிப்பாளர்களுக்கான எங்கள் வழிகாட்டியில் நடையைப் பற்றி இருப்பது ஒரே வரி: பெப் 8-ஐப் பின்பற்றவும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு 2001-இல் எழுதப்பட்ட அந்தப் பைதான் நடை ஆவணத்தை முழுவதுமாக மறுபடி படித்தேன். மேற்கோள் குறியைப் பற்றி அது பரிந்துரை எதுவும் தரவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள் என்கிறது. வரி நீளம் 79 என்று சொல்லிவிட்டு, குழு ஒப்புக்கொண்டால் 99 வரை போகலாம் என்கிறது. திட்டத்துக்கென்று தனி விதி இருந்தால் அதுவே மேலானது என்றும் சொல்கிறது. ஆக, நாங்கள் எந்தெந்த இடத்தில் மோதிக்கொண்டோமோ அந்த இடங்களை எல்லாம் அது எங்களிடமே விட்டிருக்கிறது. வழிகாட்டியில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு, முடிவு எடுத்துவிட்டதாக ஒன்பது ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரே நடைக்கு வர வேண்டும் என்பதில் இப்போது நால்வருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த நடை என்பதில்தான் இழுபறி. அதோடு எனக்கு இரண்டு அச்சங்கள் இருக்கின்றன.

ஒன்று, வரலாறு. எங்கள் நேரக் கணக்கில் 1001 என்ற எண் பல இடங்களில் வருகிறது. நொடிக்கு 23.976 சட்டகம் என்று சொல்லப்படுவது உண்மையில் 24000-ஐ 1001-ஆல் வகுத்த எண். தெரியாதவர் பார்த்தால் தட்டச்சுப் பிழை என்று நினைத்து 1000 ஆக்கிவிடுவார். ஒருமுறை அப்படி ஆக்கியும் விட்டார்கள். ஏன் 1001 என்ற விளக்கம் முழுவதும் அந்தக் கமிட்டின் செய்தியில் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கிட் பிளேம் போட்டால் நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தும். எல்லாக் கோப்புகளையும் ஒரே நாளில் மாற்றி எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் "நடை மாற்றம்" என்ற கமிட்தானே முன்னால் வந்து நிற்கும்?

இன்னொன்று, காத்திருக்கும் 31 ரிக்வெஸ்ட்கள். அத்தனையும் மோதலில் சிக்கும். அவற்றை அனுப்பியவர்களிடம் போய் "நாங்கள் மேற்கோள் குறியை மாற்றிவிட்டோம், நீங்கள் எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைச் செய்து முடித்தவர்கள் சொல்லுங்கள். ஒவ்வொரு விதியாக வாக்கெடுப்பதா? ஒரே மூச்சில் மாற்றுவதா, தொடும் கோப்பை மட்டும் சிறிது சிறிதாக மாற்றுவதா?

மறுமொழி 1

இதே சண்டை எங்கள் திட்டத்தில் இரண்டு ஆண்டுகள் நடந்தது. விதி விதியாக வாக்கெடுக்காதீர்கள். நாங்கள் எடுத்தோம். 23 விதிகளைப் பட்டியலிட்டு ஏழு வாரம் பேசினோம். கடைசியில் ஒப்புக்கொண்டவை மூன்று. அந்த மூன்றையும் ஏற்கெனவே எல்லோரும் கடைப்பிடித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கேள்வியையே மாற்றினோம். நிரலை ஒரே நடைக்குத் தானாக மாற்றும் எந்தக் கருவியின் (ஃபார்மேட்டரின்) அமைப்பை, ஒன்றைக்கூட மாற்றாமல், நம் அனைவராலும் பொறுத்துக்கொள்ள முடியும்? இது ஒரே நாளில் முடிந்தது. யாருடைய நடையும் வெல்லவில்லை என்பதால் யாருக்கும் தோற்ற உணர்வு இல்லை. கோ மொழிக்காரர்கள் இந்தச் சண்டையைத் தொடங்கவே விடவில்லை: 2009-இல் மொழி வெளிவந்தபோதே கோஃபெம்ட் என்ற ஃபார்மேட்டர் கூடவே வந்தது, நடையை மாற்றுவதற்கு அதில் தெரிவுகள் இல்லை. அதன் நடை யாருக்கும் மிகப் பிடித்த நடை அல்ல, ஆனால் கோஃபெம்ட் எல்லோருக்கும் பிடிக்கும் என்ற பொருளில், அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை நாங்கள் மாறிய பிறகுதான் உணர்ந்தோம்.

பைதானுக்கு நாங்கள் எடுத்தது பிளாக். லூகாஷ் லங்கா 2018-இல் வெளியிட்டது. வரி நீளம் 88, அதாவது 80-ஐவிடப் பத்து சதவீதம் கூடுதல். மேற்கோளை இரட்டையாக்கிவிடும். நானும் உங்களைப் போல ஒற்றை மேற்கோள் பழக்கக்காரன். இரண்டு வாரம் கண்ணை உறுத்தியது; பிறகு பார்ப்பதே இல்லை. எழுதி முடித்ததும், பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே தொடரியல் மரத்தை, அதாவது ஒரே நிரல் அமைப்பைத் தருகின்றனவா என்று அதுவே சரிபார்த்துக்கொள்ளும். எங்கள் குழுவில் மிகவும் தயங்கியவரை இணங்கவைத்தது இந்த ஒரு செய்திதான்.

சிறிது சிறிதாக மாற்றுவதையும் முயன்றோம். பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பிழைத்திருத்தத்தில் உண்மையான மாற்றம் இரண்டு வரி, நடை மாற்றம் 300 வரி என்று வந்தது. அந்த 300-க்குள் இரண்டைத் தேடிக்கொண்டிருந்தோம். அப்படிக் கவனிக்காமல் விட்ட ஒரு தவறு வெளியீட்டோடு போய்விட்டது.

உங்கள் முதல் அச்சத்துக்குத் தீர்வு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து, சில கமிட்களைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போகும்படி பிளேமிடம் சொல்லலாம். அந்தக் கமிட்களின் முழு அடையாள எண்ணை ஒரு கோப்பில் எழுதி, களஞ்சியத்தின் மேல்மட்டத்திலேயே வைத்துவிடுங்கள். புள்ளியில் தொடங்கி கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்று பெயர் வைத்தால் கிட்ஹப்பின் பிளேம் பக்கமும் அதைத் தானாகவே படித்துக்கொள்ளும். தங்கள் கணினியில் வேலை செய்பவர்கள் மட்டும் ஒருமுறை கிட் அமைப்பில் அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் 1001 வரியில் பிளேம் போட்டால் பழைய கமிட்டே வரும். எங்களுக்கு வருகிறது.

இதில் நாங்கள் செய்த தவறையும் சொல்கிறேன். நடை மாற்றத்தைத் தனிக் கிளையில் கமிட் செய்து, அதன் எண்ணையும் கோப்பில் எழுதி, பிறகு ஸ்குவாஷ் முறையில், அதாவது கிளையின் கமிட்களை ஒன்றாகச் சுருக்கி, இணைத்தோம். ஸ்குவாஷ் செய்தால் புதிய கமிட், புதிய எண். நாங்கள் எழுதிவைத்த எண்ணுக்கும் முதன்மைக் கிளைக்கும் தொடர்பே இல்லாமல் போய்விட்டது. முதலில் நடை மாற்றத்தை இணையுங்கள்; முதன்மைக் கிளையில் அது பெற்ற எண்ணை அடுத்த கமிட்டில் எழுதுங்கள். நடை மாற்றக் கமிட்டில் வேறு எதையும், ஓர் எழுத்துப் பிழைத் திருத்தத்தைக்கூடச் சேர்க்காதீர்கள். பிளேம் தாண்டிப் போகிற கமிட் அது. அதற்குள் ஒளிந்திருப்பதைப் பிறகு யாரும் தேடி எடுக்க முடியாது.

காத்திருக்கும் ரிக்வெஸ்ட்களுக்கு: நடை மாற்றத்துக்கு முந்தைய கமிட்டை அ என்றும், நடை மாற்றக் கமிட்டை ஆ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பங்களிப்பாளரின் கிளையில் முதலில் அ-வை இணையுங்கள். உண்மையான மோதல் இருந்தால் அது இங்கேயே தெரிந்துவிடும், பழைய நடையிலேயே தீர்த்துவிடலாம். அடுத்து அந்தக் கிளையில் ஃபார்மேட்டரை ஓட்டிக் கமிட் செய்யுங்கள். பிறகு ஆ-வை அவர்ஸ் என்ற உத்தியில் இணையுங்கள். "உள்ளடக்கம் என்னிடம் உள்ளபடியே இருக்கட்டும், ஆ இணைந்துவிட்டது என்று மட்டும் பதிவு செய்துகொள்" என்று கிட்டிடம் சொல்வது அது. மெர்ஜ் கட்டளையில் சிறிய எஸ்ஸுடன் தர வேண்டும். பெரிய எக்ஸுடன் தரும் அதே பெயருள்ள தெரிவு வேறு வேலை செய்யும். இதன் பிறகு முதன்மைக் கிளையை வழக்கம்போல இணைத்துக்கொள்ளலாம். பராமரிப்பாளர்கள் தங்கள் கிளையில் கமிட் செய்யலாம் என்று அனுமதி தந்தவர்களுக்கு நாங்களே இதைச் செய்து கொடுத்தோம். அவர்கள் ஒரு விசையைக்கூட அழுத்த வேண்டியிருக்கவில்லை.

பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். பிளாக் தன் நடையை ஆண்டுக்கு ஒருமுறை ஜனவரி வெளியீட்டில் மாற்றும். பூட்டாவிட்டால் ஒரு நாள் காலையில் எவருடைய ரிக்வெஸ்டும் தேறாது, யார் மேலும் தவறும் இருக்காது.

மறுமொழி 2

மேலே உள்ளவர் பைதானுக்குச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சி பகுதிக்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாக சி நூலகம் ஒன்றைப் பராமரிப்பவன்.

சி நிரலுக்கான ஃபார்மேட்டரான கிளாங்-ஃபார்மேட் நடையை மட்டும் மாற்றும் என்று நினைக்க வேண்டாம். எல்எல்விஎம் என்ற நடையில் அது இன்க்ளூட் வரிகளையும் (தலைப்புக் கோப்புகளை உள்ளே சேர்க்கும் வரிகள்) முன்னிருப்பாகவே அகரவரிசைப்படுத்தும். சியில் அந்த வரிசைக்குப் பொருள் உண்டு. விண்டோஸில் வின்சாக்2 தலைப்புக் கோப்பு விண்டோஸ் தலைப்புக்கு முன்னால் வர வேண்டும். மாறினால் தொகுப்பு உடையும். உங்களுக்கு இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு: பைதான் தலைப்புக் கோப்பைச் செந்தரத் தலைப்புகள் எல்லாவற்றுக்கும் முன்னால் சேர்க்க வேண்டும் என்று பைதானின் சி இடைமுக ஆவணமே சொல்கிறது. உங்கள் சொந்தத் தலைப்பு ஒன்று அதே தொகுதியில் இருந்தால் கிளாங்-ஃபார்மேட் அதை முன்னால் தூக்கிவைத்துவிடும். அந்தத் தலைப்பு செந்தரத் தலைப்பு எதையாவது உள்ளே இழுத்துக்கொண்டு வந்தால் விதி உடைந்தது. வரிசைப்படுத்துவதை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

நடை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தொகுத்து, கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகள் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். முதல்முறை செய்தபோது எல்லாமே வேறுபட்டு நின்று என்னைக் கலங்க வைத்தது. நிபந்தனையைச் சோதிக்கும் அசர்ட் மேக்ரோ வரி எண்ணைத் தனக்குள் பதித்துவைக்கும். வரிகள் நகர்ந்ததால் எண் மாறியிருந்தது, அவ்வளவுதான். பிழைத்திருத்தத் தகவலையும் அசர்ட்டையும் அணைத்துவிட்டுத் தொகுத்தேன். ஒன்றைத் தவிர மற்றவை ஒத்துப்போயின. அந்த ஒன்றில் எங்கள் சொந்த மேக்ரோ ஒன்று வரி எண்ணைப் பயன்படுத்தியிருந்தது.

சமக்குறிகளை அடுக்கும் உங்கள் நான்காமவருக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். 4-க்கு 4 அணி ஒன்று நான்கு வரியாக, பத்திகள் நேராக நின்றால் ஒரு எண் தவறாக இருப்பது கண்ணில் உடனே படும். அதையே கருவி ஒரே நீள வரியாகச் சுருட்டினால் அந்தக் கண்பார்வை போய்விடும். அப்படிப்பட்ட அட்டவணைகளைச் சுற்றிக் கருவியை நிறுத்தும் குறிப்பை எழுதலாம். பிளாக்கிலும் உண்டு, கிளாங்-ஃபார்மேட்டிலும் உண்டு. எங்கள் களஞ்சியத்தில் மொத்தம் ஆறு இடங்களில் இருக்கிறது. ஏழாவது வேண்டும் என்றால் காரணம் எழுத வேண்டும். உங்கள் நண்பரிடம் அவர் எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பட்டியல் சிறியதாகவே வரும்.

நடை என்பது அழகு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு: 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய எஸ்எஸ்எல் பிழையில், 'கோடூ ஃபெயில்' என்ற வரி இரண்டுமுறை அடுத்தடுத்து இருந்தது. இஃப்-க்கு அடைப்புக்குறி இல்லை. இரண்டாவது வரி இஃப்-க்குள் இருப்பதுபோல உள்தள்ளி நின்றது. உண்மையில் வெளியே இருந்தது. விளைவாக, கையொப்பச் சரிபார்ப்பு நடக்காமலேயே வெற்றி என்று திரும்பியது. ஃபார்மேட்டர் ஓடியிருந்தால் அந்த இரண்டாவது வரி இடப்பக்கம் நகர்ந்து எவர் கண்ணிலும் பட்டிருக்கும். 2016-இல் வந்த ஜிசிசி 6 தொகுப்பி இப்படித் தவறாக வழிகாட்டும் உள்தள்ளலுக்கே ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது. வழக்கமான எச்சரிக்கைகளை இயக்கும் கொடியிலேயே அதுவும் வரும். நடை மாற்றத்துக்கு முன் அதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மறுமொழி 3

வரி முடிவு எழுத்துகளை முதலில் ஒன்றாக்குங்கள். விண்டோஸில் சேமித்த கோப்பும் லினக்ஸில் சேமித்த கோப்பும் கலந்திருந்தால் ஃபார்மேட்டருக்கு முன்னமே டிஃப் (மாறிய வரிகளைக் காட்டும் பட்டியல்) முழுவதும் சிவப்பாகிவிடும். கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் எழுதி, ரீநார்மலைஸ் தெரிவோடு ஒருமுறை சேர்த்து, அதைத் தனிக் கமிட்டாக வையுங்கள். ஆனால் உங்கள் சோதனைகளில் மாதிரி சப்டைட்டில் கோப்புகள் இருக்குமே, அவற்றில் விண்டோஸ் வரி முடிவு வேண்டுமென்றே வைத்ததாக இருக்கலாம். அந்தக் கோப்புறைக்கு விலக்கு கொடுத்துவிடுங்கள்.

மறுமொழி 4

டேப்பா ஸ்பேஸா என்பதை இங்கே யாரும் எழுப்பவில்லை. பைதான் என்றால் நான்கு ஸ்பேஸ் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள். பார்வையற்ற நிரலாளராக என் பக்கத்தைச் சொல்கிறேன்.

நான் நிரலைப் பிரெய்ல் காட்டியில் படிக்கிறேன். என்னுடையது 40 கட்டங்கள் கொண்டது. ஒரு நேரத்தில் 40 எழுத்துகள்தான் என் விரலுக்குக் கீழே இருக்கும். நான்கு ஸ்பேஸ் நடையில் வகுப்பு, அதற்குள் முறை, அதற்குள் ஒரு கண்ணி என்று மூன்று நிலை உள்ளே போனால் 12 கட்டங்கள் வெறுமையாகக் கழிந்துவிடும். இஃப் ஒன்று சேர்ந்தால் 16. மீதம் 24 கட்டங்களில் ஒரு வரியைத் துண்டு துண்டாக நகர்த்திப் படிக்க வேண்டும். டேப்பாக இருந்தால் ஒரு நிலைக்கு ஒரு கட்டம் என்று அமைத்துக்கொள்வேன். திரையில் பார்ப்பவர்களும் தங்களுக்கு வேண்டிய அகலத்தை வைத்துக்கொள்ளலாம். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் இரண்டாகக் குறைப்பார்கள். உங்கள் கெர்னல் நண்பர் எட்டாக வைத்துக்கொள்வார்.

எல்லாப் பார்வையற்ற நிரலாளர்களுக்கும் இதுவே தேவை என்று நான் சொல்லவில்லை. என் தோழி ஒருவர் பேச்சு வழியாகவே வேலை செய்கிறார். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் உள்தள்ளலை ஒலியாகவும் சொல்லும். உள்ளே போகப்போக ஒலியின் சுருதி மாறும். அவருக்கு டேப், ஸ்பேஸ் இரண்டும் ஒன்றுதான். அவரை வாட்டுவது வேறு: ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருப்பது. கலவையை ஒழிக்கும் எந்த முடிவும் எங்கள் இருவருக்கும் நல்ல முடிவே.

பிளாக் டேப்பை அனுமதிக்காது. ரஃப் என்ற கருவியின் ஃபார்மேட்டர் பிளாக்கின் நடையையே பெரும்பாலும் தருகிறது. அதில் உள்தள்ளலுக்கு டேப் வேண்டும் என்று சொல்லலாம், மேற்கோளையும் தேர்ந்தெடுக்கலாம். பெப் 8 ஸ்பேஸைத்தான் விரும்புகிறது என்பது எனக்குத் தெரியும். ஸ்பேஸ்தான் என்று முடிவெடுத்தாலும் எனக்கு வழி இருக்கிறது: கிட் வடிகட்டி வைத்து, கோப்பு என் கணினிக்கு வரும்போது முன்னால் உள்ள ஸ்பேஸைத் டேப்பாகவும், திரும்பப் போகும்போது ஸ்பேஸாகவும் மாற்றிக்கொள்கிறேன். பல வரி உரைச்சரத்துக்குள் உண்மையாகவே டேப் இருந்தால் அது கெட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் டிஃபைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை நான் சுமக்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டு நீங்கள் முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வருகிறேன். இடையில் நிறைய நடந்தது.

மறுமொழி 4-ஐப் படித்த அன்றே எங்கள் திட்டப் பக்கத்தில் கேட்டேன்: திரைவாசிப்பானோ பிரெய்ல் காட்டியோ பயன்படுத்துபவர்கள் இங்கே இருக்கிறீர்களா என்று. ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இரண்டு பேர் பதில் எழுதினார்கள். ஒருவர் எங்களுக்கு நான்கு ஆண்டுகளாகப் பிழை அறிக்கை அனுப்பிக்கொண்டிருப்பவர். ஒருநாளும் நிரல் அனுப்பியதில்லை. ஏன் என்று இப்போது சொன்னார். எங்கள் சி கோப்புகளில் டேப்பும் ஸ்பேஸும் கலந்து கிடப்பதால் எந்த வரி எந்த அடைப்புக்குள் இருக்கிறது என்று அவரால் விரலால் தொடர முடியவில்லை. இதைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். நடை மாற்றத்தைப் பற்றி எனக்கு இருந்த தயக்கம் அத்தோடு போய்விட்டது.

முடிவானவை இவை. சி பகுதி முழுவதும் உள்தள்ளலுக்கு டேப். கெர்னல் நண்பருக்கு மகிழ்ச்சி, பிரெய்லில் படிப்பவருக்கும் வசதி. இன்க்ளூட் வரிசைப்படுத்தல் நிறுத்தப்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்தோம்: 11 ஆப்ஜெக்ட் கோப்புகளில் 11-ம் ஒத்துப்போயின. அந்த ஜிசிசி எச்சரிக்கையை ஓட்டியதில் இரண்டு இடங்கள் சிக்கின. ஒன்று தீங்கில்லாதது, இன்னொன்று நினைவகத்தை விடுவிக்க வேண்டிய இடத்தில் விடுவிக்காமல் இருந்தது. அதைத் தனியாகச் சரிசெய்துவிட்டோம்.

பைதானுக்கு ரஃப். டேப் எடுப்பதா என்று உண்மையாகவே பேசினோம். மற்ற நூலகங்களிலிருந்து துண்டு எடுத்து ஒட்டுபவர்களின் ஸ்பேஸும் எங்கள் டேப்பும் கலந்தால் பைதான் 3 ஓடவே மறுத்துவிடும் என்பதால் மூவர் ஸ்பேஸுக்கு நின்றார்கள். எனக்கு முழு நிறைவில்லை. நீங்கள் சொன்ன அந்த வடிகட்டியைக் களஞ்சியத்திலேயே சேர்த்து, அது கெட்டுப்போகும் இடங்களுக்குச் சோதனையும் எழுதி, பராமரிப்பை எங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறோம். உரைச்சரத்துக்குள் நேரடியாக டேப் இருந்த ஐந்து இடங்களையும் தப்பிப்புக் குறியீடாக மாற்றிவிட்டோம். ஓராண்டு கழித்து இதை மறுபடி எடுத்துப் பேசுவதாக எழுதியும் வைத்திருக்கிறோம்.

சமக்குறி அடுக்கும் நண்பரிடம் விட்டுக்கொடுக்க முடியாதவற்றைக் கேட்டேன். மூன்று அட்டவணைகளைக் காட்டினார். அவற்றில் ஒன்று சட்டக வீதங்களின் அட்டவணை. 1001-கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்த்தபோது அவர் பக்கம் நியாயம் இருப்பது எனக்கும் தெரிந்தது. மூன்றையும் கருவி தொடாது.

மறுஆய்வில் நடையைப் பற்றி மனிதர் எவரும் இனிக் குறிப்பு எழுதக் கூடாது என்பதும் வழிகாட்டியில் ஏறிவிட்டது. கருவி ஏற்றுக்கொண்டால் அதுதான் நடை. கருவி ஏற்காவிட்டால், பங்களிப்பாளர் விரும்பினால் நாங்களே ஓட்டிக் கொடுப்போம். நால்வரும் இதற்கு ஒப்புக்கொள்ளப் பத்து நிமிடம் ஆனது. ஒரே ஒரு கேள்விதான் எழுந்தது: பெயர்கள்? மாறிக்குப் பெயர் வைப்பது நடையில் சேராது, அதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம் என்று முடிவு செய்தோம்.

போய்விட்டாரே, அவருக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன், எடுத்த முடிவைச் சொன்னேன், அவர் திருத்தத்தை அவர் பெயரிலேயே இணைக்க அனுமதி கேட்டேன். "இணைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது, வேறொன்றும் இல்லை. நேற்று இணைத்தோம். 31-இல் பழையவை 13 மூடியாகிவிட்டன. மீதி 18 நடை மாற்றத்தைக் கடந்து வர வேண்டும்.

மறுமொழி 1 எழுதியவருக்கு ஒரு கேள்வி: அவர்ஸ் உத்தியில் இணைத்த கிளையைக் கடைசியில் முதன்மைக் கிளைக்குக் கொண்டுவரும்போது ஸ்குவாஷ் செய்தால் ஏதாவது கெடுமா? நாங்கள் எப்போதும் ஸ்குவாஷ் முறையில்தான் இணைக்கிறோம்.

மறுமொழி 1

கெடாது. ஸ்குவாஷ் செய்யும்போது முதன்மைக் கிளைக்கும் அந்தக் கிளைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஒரு கமிட்டாகும். நடை மாற்றம் இரு பக்கமும் இருப்பதால் அதில் வராது. ஆனால் இணைப்பதற்கு முன் டிஃபின் அளவைப் பாருங்கள். 22 வரித் திருத்தம் 22 வரிக்கு அருகிலேயே தெரிய வேண்டும். நூற்றுக்கணக்கில் தெரிந்தால் அந்தக் கிளையில் ஃபார்மேட்டர் வேறு பதிப்பில் ஓடியிருக்கிறது என்று பொருள். எங்களுக்கு இரண்டு கிளைகளில் அப்படி ஆனது. சரியான பதிப்பில் மறுபடி ஓட்டியதும் சரியாகிவிட்டது.